மாமனாரோடு கோட்டைக்குப் போனது

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரியப் போகிறது என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். வந்தபிறகு எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும். சங்கரன்கோவிலில் இருக்கிற ஒருத்திக்கு ஆந்திரா பிரிந்தால் என்ன, பிரியாவிட்டால் என்ன என்று எதிர்வீட்டுக்காரி வாய்விட்டே கேட்டாள். அவளுக்கு என்ன? அவள் புருஷன் பகல் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருக்கிறவன். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவனுக்குக் காது கேட்கும். என் வீட்டுக்காரர் கர்நூலில் இருந்தார்.

மராமத்து இலாகாவில் ஓவர்சியர் வேலை. அப்போது எங்கள் ஜில்லாவும் கர்நூலும் ஒரே சர்க்கார். தென்காசிக்கு மாற்றுகிற மாதிரி அங்கேயும் மாற்றுவார்கள். எங்களுக்குக் கல்யாணமான வருஷமே மாற்றிவிட்டார்கள். தீபாவளிக்கு ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை லீவில் வருவார். இந்தத் தடவையாவது ‘கூட வா’ என்று சொல்வாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சொல்ல மாட்டார். அங்கே வீடு கிடைப்பது கஷ்டம் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அடுத்த லீவில் வந்தால், அந்த ஊர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பார். நானாகக் கேட்க எனக்கு ரோஷம். மாமியார் இல்லாத வீடு வேறு. மாமனாருக்குச் சோறாக்க ஆள் வேண்டும். அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே நான் அங்கே இருந்து சோறாக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது ராஜ்யத்தை இரண்டாக்கினால், கர்நூலில் இருக்கிற உத்தியோகஸ்தர்கள் ஆந்திர சர்க்காரின் ஆட்களாகிவிடுவார்கள். போதாததற்கு அந்த ஊரையே புது ராஜ்யத்துக்குத் தலைநகரமாக ஆக்கப் போகிறார்களாம். கேட்கிற தமிழ் ஆட்களை இந்தப் பக்கம் மாற்றிக்கொள்கிறார்கள், கேட்காமல் இருந்தவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று ஊரில் பேச்சு. முடிவு செய்வது மெட்ராஸில், கோட்டைக்குள் இருக்கிற செக்ரடேரியட்டில். இவரோ ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. வருகிற கார்டில் சௌக்கியம், மழை இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான். இந்த மனுஷனுக்கு ரத்தம் ஓடுகிறதா இல்லை சுண்ணாம்புத் தண்ணி ஓடுகிறதா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியில் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் மாமனாரிடம் வந்து சொன்னார். கோட்டையில் நம் ஜில்லாக்காரர் ஒருவர் பெரிய ஆபீசராக இருக்கிறார், நேரில் போய்ப் பாருங்கள் என்றார்.

“நீங்க மட்டும் போயி நின்னா, யாரோ ஒரு வெள்ளாமைச் சம்சாரி வந்திருக்காருன்னு விட்டுருவாக அண்ணாச்சி. மருமகளையும் கூட்டிட்டுப் போங்க. பொண்டாட்டியைக் கண்ணால பார்த்தாத்தான் இரக்கம் வரும்.”

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. கட்டிக் கிடந்த மாட்டைப் பார்த்து, “செவ்வாக்கிழமை கெளம்பணும்” என்றார்.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. நான் கதவைப் பார்த்து, சோறு வைத்திருக்கிறது என்பேன். அவர் மாட்டைப் பார்த்து, குழம்பில் உப்பு இல்லை என்பார். இப்படியே வருஷக்கணக்கில் ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம் என்றால் நம்ப மாட்டீர்கள். நடத்தினோம்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வந்த காரியத்தை வந்ததும் சொல்வது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. போன வீட்டில் மழையைப் பற்றிப் பேச வேண்டும். பருத்தி என்ன விலை போகிறது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் பேசி முடித்து, எழுந்து செருப்பை மாட்டும்போது, ஏதோ அப்போதுதான் நினைவு வந்த மாதிரி காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கரிசல்காட்டுப் பக்கம் பெரிய மனுஷர்கள் எல்லாருமே அப்படித்தான். எதிராளிக்கும் தெரியும். அவனும் வாசல்வரை வந்து, செருப்பு மாட்டுகிற வரை பொறுத்து நிற்பான். இவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது மத்தியானம் பூராவும் காளைமாட்டைப் பற்றியே பேசியிருக்கிறார். என் அப்பா, மாடு வாங்க வந்த ஆள் போல என்று நினைத்து, தொழுவுக்குக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். இவரும் பொறுமையாக எல்லா மாட்டுக்கும் பல்லைப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைப் போடும்போது, “அப்ப பொண்ணைக் கொடுங்க, வாரேன்” என்றாராம்.

அந்த மனுஷனோடுதான் நான் கோட்டைக்குப் புறப்பட்டேன்.

விருதுநகரில் வண்டி மாறினோம். மெட்ராஸ் வண்டியில் கூட்டம் நெரிந்தது. இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு ஒரு சங்கடம் புரிந்தது. இங்கே கதவும் இல்லை, மாடும் இல்லை. எதிரே கோவில்பட்டிக்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டோம்.

“ஐயாவுக்கு இட்லி வேணுமான்னு கேளுங்க” என்பேன் நான். “பொறவு திங்கலாம்னு சொல்லுங்க” என்பார் மாமனார். அவரும் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். திருச்சி தாண்டும் முன்னால் அவருக்குச் சலித்துவிட்டது.

“ரெண்டு பேருக்கும் வாயி இருக்குல்லா? என்னை என்ன தந்தியாபீசுன்னு நெனச்சீகளா வே?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். எனக்கு வண்டி போகிற வேகம் போதவில்லை. நின்ற ஸ்டேஷனில் எல்லாம், இங்கே ஏன் நிற்கிறது, இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆபீசரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லப்போகிறவர் மாமனார்தான். இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மெட்ராஸில் தங்கசாலைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த ஊர்க்காரர் வீட்டில் தங்கினோம். கோட்டைக்குப் போகிறோம் என்றதும் அவர் வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கோட்டையில காரியம் நடக்குமாக்கும். பேசாம பீச்சைப் பார்த்துட்டு, நாலு சாமான் வாங்கிட்டு ஊரு போய்ச் சேருங்க.”

ரிக்ஷாவில் போனோம். டிராம் நின்றுபோய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தண்டவாளம் மட்டும் ரோட்டில் பதிந்து கிடந்தது. அதன்மேல் ரிக்ஷாச் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்குப் பல் கிட்டியது. ஊரே எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அவசரம் எனக்குப் பிடித்திருந்தது. சங்கரன்கோவிலில் நான் இப்படி நடந்தால், பேய் பிடித்தவள் மாதிரி நடக்கிறாள் என்பார்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள்.

கோட்டை என்றதும் ராஜா, குதிரை என்று என்னமோ நினைத்திருந்தேன். அகழியும் பெரிய மதிலும் இருந்தது வாஸ்தவம். உள்ளே போனால் வராந்தா, வராந்தாவுக்குப் பிறகு இன்னொரு வராந்தா, சிவப்பு டவாலி போட்ட சேவகர்கள், கட்டுக்கட்டாகக் காகிதம். கடல்காற்று உள்ளே வந்து காகிதங்களைத் தூக்க, அத்தனை மேஜையிலும் அதன்மேல் எதையாவது கனமாக வைத்து அமுக்கியிருந்தார்கள்.

ஆபீசரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், ஊர், எதற்காக வந்தோம் என்று. எழுதுகிற சேவகர் கேட்டார். “என்ன விஷயமாப் பாக்கணும்?”

“சும்மாத்தான். பாத்துட்டுப் போலாம்னு” என்றார் மாமனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேவகர் அப்படியே எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் ரயிலில் வந்தது சும்மா பார்க்கவா? முந்தானையை இழுத்து இழுத்துச் செருகினேன். இருமினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சீட்டு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபீசர் நல்ல மனுஷர். ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். “வாங்க அண்ணாச்சி, இருங்க. நம்ம பக்கத்து ஆளைப் பார்த்து எம்புட்டு நாளாச்சு” என்றார். கோட்டும் டையும் போட்டவர் வாயிலிருந்து எங்கள் பேச்சு வந்ததும் எனக்கே கண் கலங்கியது. காரியம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

மாமனார் கோவில் புற்றுமண்ணையும் திருநீற்றையும் கொடுத்தார். ஆபீசர் பயபக்தியாக நெற்றியில் இட்டுக்கொண்டார். ஆடித்தபசுக்குக் கூட்டம் எப்படி என்று கேட்டார். மாமனார் சொன்னார். மழை எப்படி என்று கேட்டார். அது போதாதா? மாமனார் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். போன வருஷ மழை, அதற்கு முந்தின வருஷம் ஏமாற்றிய மழை, மிளகாய்க்கு வந்த நோய், பருத்தி விலை. ஆபீசரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் தகப்பனாரும் பருத்தி போட்டவர்தான் என்றார். நான் சுவரோரம் நின்றேன். நாற்காலி காட்டினார்கள், மாமனார் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் எப்படி உட்கார? நின்றபடி மனசுக்குள், சொல்லுங்க, இப்பச் சொல்லுங்க, இப்பவாவது சொல்லித் தொலைங்க என்று கத்திக்கொண்டிருந்தேன்.

சேவகர் வந்து காதில் ஏதோ சொன்னார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். “மீட்டிங் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஒரு காரியமும் இல்லாம பாக்கணும்னே வந்தீகளே, அதுதான் பெரிசு. இங்கன வாரவன் எல்லாம் எதாவது கேட்டுத்தான் வருதான்” என்று கையைக் கூப்பினார்.

மாமனார் சந்தோஷமாக எழுந்தார். அவர் கணக்கில் இனிமேல்தான் பேச்சு தொடங்குகிறது. மெதுவாக வாசலுக்கு வந்து, கழற்றிப்போட்டிருந்த செருப்பைக் காலால் நேராக்கி, ஒரு காலை நுழைத்துக்கொண்டு, “ஒரு சின்ன விசயம்” என்று திரும்பினார். ஆபீசர் இன்னொரு கதவு வழியாகப் போய்விட்டிருந்தார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சேவகர் அதையும் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாமனார் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. எனக்குப் பாவம் பார்க்கிற நிலைமை இல்லை. ரிக்ஷாவில் வரும்போது ரிக்ஷாக்காரனிடம், “மாட்டுப் பல்லைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்னு கேளுங்கய்யா” என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமனாருக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மறுபடி போனோம். அதே சேவகர், அதே சீட்டு. “என்ன விஷயம்?” என்று கேட்டார். மாமனார் வாயைத் திறப்பதற்குள் நான் கையை நீட்டிப் பென்சிலை வாங்கி, கர்நூலில் ஓவர்சியராக இருக்கிறவரை இந்தப் பக்கம் மாற்றித் தரக் கேட்க என்று எழுதிவிட்டேன். மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரியம் என்று எழுதியதாலோ என்னவோ, அன்றைக்கு உடனே கூப்பிடவில்லை. வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் மாமனார் பழையபடி, “நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, நம்ம பக்கம் சோளம் வந்து...” என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சோளம் இருக்கட்டும் ஐயா” என்றேன். என் குரல் எனக்கே புதுசாகக் கேட்டது. “எங்க வீட்டுக்காரக கர்நூல்ல ஓவர்சியரா இருக்காக. மராமத்துல. ராஜ்யம் பிரிஞ்சா அங்கனயே இருந்துருவாகளோன்னு பயந்து வந்திருக்கோம். இந்தப் பக்கம் மாத்திக் கொடுக்கணும். அதுக்குத்தான் வந்தோம். நேத்தும் அதுக்குத்தான் வந்தோம்.”

மாமனார் முன்னால் நான் வேற்று ஆண்பிள்ளையிடம் அத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. ஆபீசர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதை நேத்தே சொல்லியிருக்கக்கூடாதா அண்ணாச்சி” என்று சிரித்துவிட்டு, பெயரை எழுதிக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறேன், வெளியே இருங்கள் என்றார்.

மாமனார் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு இடத்தில் குமாஸ்தாக்கள் காகிதக் கட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆந்திராவுக்குப் போகிற பெட்டிகளாம். அதில் ஒருவர் தெலுங்குக்காரர். மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர். புலம்பாத குறைதான்.

“கர்நூல்ல ஆபீசே கிடையாதும்மா. கூடாரம் அடிச்சி உக்காரச் சொல்றாங்க. பொண்டாட்டி புள்ளைய இட்டுக்கினு நான் எங்க போவேன்?”

“அங்க தண்ணி வாயில வைக்க முடியாதாமே” என்று கேட்டேன்.

“தண்ணிக்கு என்ன? பக்கத்துலயே துங்கபத்திரை ஓடுது. தண்ணி தேனா இருக்கும்னு எங்க மாமா சொல்லுவாரு.”

எனக்கு நடை நின்றுவிட்டது. எந்த ஊர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்? அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்கிற ஆள் வேறு எதைப் பற்றிச் சொல்ல மாட்டார்? திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த கதவைப் பார்த்து, கர்நூலில் எல்லாரும் கூடாரத்தில்தான் இருக்கிறார்களாம் என்று மாமனார் காதில் விழச் சொன்னேன்.

ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. அவரே வெளியே வந்தார். அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“அந்த இலாகாவுல எல்லாரையும் கேட்டிருக்காங்க அண்ணாச்சி, யாரு எந்தப் பக்கம்னு. உங்க பையன் அந்தப் பக்கமே இருக்கேன்னு சொல்லிட்டாரு. புதுத் தலைநகரத்துக்குக் கட்டட வேலை எல்லாம் அவரு கையிலதான் ஒப்படைச்சிருக்காங்க. கெட்டிக்காரர்னு நல்ல பேரு. மேல வர வழியிருக்கு.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “உங்ககிட்டச் சொல்லலையா?” என்று கேட்டார்.

“சொன்னான், சொன்னான்” என்றார் மாமனார்.

“சொன்னாக” என்றேன் நானும். “நாங்கதான் மனசு மாறியிருக்குமோன்னு கேக்க வந்தோம்.”

இரண்டு பேரும் ஒரே மூச்சில் பொய் சொன்னோம். ஆபீசர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நம்பின மாதிரி தலையாட்டினார். நல்ல மனுஷர்தான்.

வெளியே வந்து கடற்கரை ரோட்டோரம் ஒரு கல்பாலத்தின்மேல் மாமனார் உட்கார்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்ப்பயல்கள் முன்னால், எதிர்வீட்டுக்காரி முன்னால், வக்கீல் குமாஸ்தா முன்னால் புருஷனை மீட்கப் போகிறேன் என்று புறப்பட்டு வந்தவள் நான். மீட்கிறதற்கு அவர் எங்கே மாட்டிக்கொண்டார்? அவராகவே போய் உட்கார்ந்திருக்கிறார். என்னை வேண்டாம் என்று நினைத்துவிட்டாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்தபிறகு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

பிறகுதான் சித்திரை லீவு முடிந்து அவர் கிளம்பியது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஒண்ணு சொல்லணும்” என்றார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். பஸ் நகர்ந்துவிட்டது. தகப்பனாருக்குச் செருப்பு என்றால் மகனுக்குப் பஸ் படி. லீவு பூராவும் வீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்த மனுஷன், பஸ் படியில் நின்றா ஒரு பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும்?

மாமனார் கடலைப் பார்த்தபடியே, “ஊருக்குப் போயிருவோம். தீபாவளிக்கு வருவான்லா, அப்பக் கேட்டுக்கிடலாம்” என்றார். பக்கத்தில் ஆளும் இல்லை, மாடும் இல்லை. என்னிடம்தான் சொன்னார்.

“நான் ஊருக்கு வரலை மாமா” என்றேன். நேராக அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். “நான் கர்நூலுக்குப் போறேன். அவுகளுக்கு நான் வேணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். வேண்டாம்னா அதையும் அவுக வாயாலயே கேட்டுட்டு வாரேன்.”

“கூடாரத்துல இருக்கான்னு சொல்லுதாகளே.”

“கூடாரத்துல மனுசன்தான இருக்கான்? போய்ப் பாக்குதேன்.”

அவர் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கோபித்தால் கோபிக்கட்டும், தனியாகவாவது ரயில் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “அந்த வண்டி சென்ட்ரல்லருந்துல்லா கெளம்பும். விசாரிக்கணும்” என்றார்.

இரண்டு இடத்தில் வண்டி மாறி கர்நூலில் இறங்கினோம். வழியெல்லாம் நானும் அவரும் நேராகவே பேசிக்கொண்டோம். தண்ணி குடி, ஜன்னலைச் சாத்து, பையைப் பார்த்துக்கோ. இவ்வளவுதான். இதைப் பேச இத்தனை வருஷமா என்றிருந்தது.

ஊர் முழுக்கப் புழுதி. நம் கரிசல்காட்டில் வருகிற மாதிரியே காற்று. ஒரு மைதானத்தில் வரிசையாகக் கூடாரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தல் போடுகிற மாதிரி முளை அடிப்பதும், கயிறு இழுப்பதும், தெலுங்கில் கத்துவதும் ஒரே சத்தம். இதுதான் ஒரு சர்க்காருக்குத் தலைநகரமா என்று மாமனார் வாயைப் பிளந்து பார்த்தார். நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு, கையை நீட்டி ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். வீட்டில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷர் இங்கே ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “ஊர்ல யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லை. இங்கனயே இருக்கேன்னு சொல்லிட்டீகளாமே. கோட்டையில சொன்னாக” என்றேன்.

அவர் தகப்பனாரைப் பார்த்தார். நடுவழியில் வைத்துப் பேச வேண்டாம் என்று ஒரு கூடாரத்துக்குள் கூட்டிப்போனார். அவர் இருக்கிற கூடாரம். ஒரு கயிற்றுக்கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மண்பானை. என்னுடைய பழைய சேலை ஒன்றைக் கட்டிலில் விரித்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. சேலையைக் கொண்டுவரத் தெரிந்தவருக்கு ஆளைக் கூட்டிவரத் தெரியவில்லையா?

“இங்கன வேலை நல்லாருக்கு” என்றார். “ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒரு ஊரையே கட்டுதோம். எனக்கு விட்டுட்டு வர மனசில்லை. உன்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“நான் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“வேண்டாம்னு யாரு சொன்னா? அப்பாவைத் தனியா விட்டுட்டு உன்னை எப்படி வான்னு கூப்பிட? யாரு அவருக்குச் சோறாக்குவா? நீயும் வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“கேட்டீகளா?”

மாமனார் கூடார வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார்.

“ஏலே, என்னைச் சாக்குச் சொல்லாதே. நான் உன்கிட்டச் சோறு கேட்டனா? அவளைக் கேளு. இப்பவே கேளு.”

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நெற்றியில் தொப்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, என்னை நேராகப் பார்த்து, “இங்கன என்கூட இருக்கியா?” என்று கேட்டார்.

எங்கே இருக்க வேண்டும் என்று அதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்லை. பிறந்த வீட்டில் கேட்கவில்லை, புகுந்த வீட்டிலும் கேட்கவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இருக்கேன்” என்றேன். கோபம் தணிந்து சொன்னதில்லை. இந்த மனுஷனை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஆத்திரத்தோடுதான் சொன்னேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தான் ஒருத்தர் மட்டும் ஊர் திரும்ப, தென்பக்கம் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று மகனிடம் கேட்டார்.